தூண்டில் கோலில் எடை எங்கே இருக்கிறது?

(பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



செயலாளர் போன் பண்ணி, "பத்து நிமிஷம் பேசணும் சார், ஆனா வேலை அனுபவம் மட்டும் வேணாம், எல்லாரும் அதையேதான் பேசுறாங்க" என்றார். வேலையை விட்டால் எனக்குத் தெரிந்தது மீன் பிடிப்பது ஒன்றுதான். அதிலும் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். லேசான கோல் நல்லதா, கனமான கோல் நல்லதா? சிரிக்காதீர்கள். இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நாற்பது வருஷம் கழித்து இயற்பியல் ரெக்கார்டு நோட்டைத் திரும்பவும் எடுத்தேன்.

நான் கரியமாணிக்கத்துக்காரன். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பினால் பள்ளிக்கூடப் பையன்களுக்கு மதகடிதான் வீடு. எனக்குத் தூண்டில் பழக்கியவர் என் சித்தப்பா. மெல்லிய மூங்கிலாகப் பார்த்து வெட்டி, நிழலில் காயவைத்து, நுனி ஊசி மாதிரி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் எடுப்பார். நைலான் நரம்பு, மயிலிறகுத் தண்டில் தக்கை, முள்ளில் மண்புழு. நான் ஒரு நாள் வீறாப்பாக ஒரு தடிக்கோலை எடுத்துப் போனேன். "டேய், மீன் தொட்டா கைக்குத் தெரியணும். தெரியாத கோலு அடுப்புக்குத்தான் ஆவும்" என்று அதை வாங்கி அந்தப் பக்கம் போட்டுவிட்டார். இந்த விஷயத்தில் நான் படித்த முதல் பாடம் அது.

பிறகு வேலை ஊட்டிக்குப் போட்டார்கள். பதினெட்டு வருஷம். அங்கேதான் ஃப்ளை ஃபிஷிங் பழகினேன். பொய்ப்பூச்சித் தூண்டில் என்று வைத்துக்கொள்வோம். இறகையும் நூலையும் முள்ளில் சுற்றி ஒரு பூச்சி மாதிரி செய்துவிடுவார்கள், டிரவுட் மீன் ஏமாந்து கவ்வும். அந்த மீன் நம்ம ஊர் மீனில்லை. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது. 1860-களில் மருத்துவர் பிரான்சிஸ் டே முயன்று பார்த்தார், பலிக்கவில்லை. 1907 வாக்கில் ஹெச்.சி. வில்சன் என்பவர் அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்த பிறகுதான் ரெயின்போ டிரவுட் நீலகிரி ஓடைகளில் நிலைத்தது. மீன்வளத் துறையில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, குளிரில் நடுங்கிக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் போவோம்.

எங்கள் மேலதிகாரி ஒருவர் ஓய்வு பெற்றபோது அவருடைய பழைய பிரம்பை எனக்குக் கொடுத்தார். பிரம்பு என்று அவர் சொல்வார், உண்மையில் அது மூங்கில். ஆறு சிம்புகளை முக்கோணமாக இழைத்து, ஒன்றோடொன்று ஒட்டி அறுகோணமாக்கிய கோல். எட்டடி நீளம், 140 கிராம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் இப்படிக் கோல் செய்தவர்கள் ஆரம்பத்தில் பயன்படுத்தியது 'கல்கத்தா மூங்கில்' என்று நம் நாட்டிலிருந்து போன சரக்கு என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதற்கப்புறம் சீனாவின் டோன்கின் மூங்கிலுக்கு மாறிவிட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கண்ணாடி இழை வந்தது. 1960-களில் இங்கிலாந்தில் விமானத்துக்காக ஆராய்ந்த கார்பன் இழை, 1973-ல் அமெரிக்காவில் ஃபென்விக் கம்பெனி மூலம் தூண்டில் கோலாகவும் வந்துவிட்டது. அன்றிலிருந்து ஒரே ஓட்டப் பந்தயம்தான். ஒவ்வொரு வருஷமும் ஐந்து கிராம், பத்து கிராம் குறைத்துவிட்டதாக விளம்பரம்.

எனக்கு அந்த விளம்பரமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. மூன்று வருஷம் முன்பு வலது தோள் பிடித்துக்கொண்டது. டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "கையைத் தூக்கி வீசுற வேலை எதுவும் வேணாம்" என்றார். பொய்ப்பூச்சித் தூண்டிலில் அதைத் தவிர வேறு வேலையே கிடையாது. ஒரு காலைக்கு இருநூறு, முந்நூறு வீச்சு. ஊருக்குத் திரும்பிய பிறகும் குத்தகைக்காரரிடம் சொல்லிவிட்டு ஜிலேபிக்கும் விராலுக்கும் அதே கோலை வீசிக்கொண்டிருந்தவன் நான். ஒரு மழைக்காலம் முழுக்க அந்தக் கோல் பரண் மேல் கிடந்தது. வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசவில்லை என்று என் மனைவி சொல்கிறாள். இருக்கலாம். மருமகன்தான், "மாமா, இப்ப எண்பது கிராம்லயே கோல் வருது, டாக்டர்கிட்ட கேட்டுப் பாருங்க" என்று ஒன்றை வாங்கி வந்தார். ஒன்பதடி, கார்பன். டாக்டரும் அரை மணி நேரம் மட்டும் என்று தலையாட்டினார்.

வீசிப் பார்த்தேன். மூங்கிலைவிட எவ்வளவோ தேவலை. ஆனாலும் இருபது நிமிஷத்தில் தோள் முனகியது. பிறகு நண்பர் ஒருவருடைய கோலை வாங்கி வீசினேன். அதுவும் ஒன்பதடி, கார்பன், கோலின் மேல் அதே 5 என்ற எண். தராசில் 95 கிராம். பதினைந்து கிராம் கூடுதல். கையிலோ அது லேசாக இருந்தது! மனப்பிரமை என்றுதான் முதலில் நினைத்தேன்.

அந்த 5 என்ற எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. நம்ம ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டு நரம்பை இழுத்துக்கொண்டு போகும். பொய்ப்பூச்சிக்கு எடையே இல்லை. அதனால் இங்கே கயிறுக்குத்தான் எடை. கோல் கயிற்றை வீசும், கயிறு சுருள் அவிழ்ந்து போய்ப் பூச்சியைத் தண்ணீரில் வைக்கும். 5-ம் எண் கயிறு என்றால் அதன் முதல் 30 அடி 140 கிரெய்ன், நம் கணக்கில் சுமார் 9 கிராம். 4 என்றால் 8 கிராமுக்குச் சற்றுக் குறைவு, 8 என்றால் 13 கிராமுக்கு மேல். ஆக 'லேசான கோல்' என்று ஒருவர் சொன்னால் சின்ன எண்ணைச் சொல்கிறாரா, குறைந்த கிராமைச் சொல்கிறாரா என்று முதலில் கேட்க வேண்டும். இரண்டும் வேறு. பாதிச் சண்டை இதனால்தான்.

சரி, பதினைந்து கிராம் கூடியது எப்படி லேசாகும்? முதலாம் ஆண்டு ஆய்வகத்தில் கூட்டு ஊசல் செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஒருவர் எண்ண, ஒருவர் எழுத, மூன்றாமவர் கேன்டீனில் இருப்பாரே, அதேதான். பிடியில் கை வைக்கும் இடத்தில் குறுக்கே ஒரு ஊசியைக் கட்டி, ஊசியின் இரு முனையையும் தாங்கலில் வைத்துக் கோலைத் தொங்கவிட்டு ஆட்டினேன். மருமகனின் கோலுக்கு 20 ஆட்டத்துக்கு 40 விநாடி, நண்பருடையதற்கு 39. ஈர்ப்பு மையம் முதலாவதில் பிடியிலிருந்து 75 செ.மீ. தள்ளி, இரண்டாவதில் 58 செ.மீ. கணக்குப் போட்டால் நிலைமத் திருப்புத்திறன் 80 கிராம் கோலுக்கு 0.060, 95 கிராம் கோலுக்கு 0.052 கிலோகிராம் மீட்டர் வர்க்கம். கனமான கோலை ஆட்டுவதுதான் எட்டில் ஒரு பங்கு சுலபம்!

காரணம் எளிது. நண்பருடைய கோலில் கூடுதல் எடை எல்லாம் கைப்பிடியில், சக்கரம் மாட்டும் உலோக வளையத்தில். கைக்குப் பக்கத்தில் இருப்பதைக் கை ஆட்ட வேண்டியதில்லை. தூரத்தின் வர்க்கத்தால் பெருகும் அல்லவா? கையிலிருந்து ஓரடியில் இருக்கும் ஒரு கிராமை விட எட்டடியில் இருக்கும் ஒரு கிராம் 64 மடங்கு வேலை வைக்கும். நுனியில் இருக்கும் கம்பி வளையமும் அதன் மேல் பூசிய வார்னிஷும் செய்கிற அநியாயம் அடியில் நூறு கிராம் சக்கரம் மாட்டினாலும் வராது. தவிர, நுனி கனத்தால் வீச்சு நின்ற பிறகும் அது ஆடிக்கொண்டே இருக்கும், கயிற்றில் அலை விழும், பூச்சி தொப்பென்று விழும், மீன் ஓடிவிடும். நுனியைத் தடவிப் பார்த்த என் சித்தப்பாவுக்கு எந்த வர்க்கமும் தெரியாது.

ஆகவே என் கட்சி இது. ஒரே நீளம், ஒரே எண் என்றால் நுனி லேசான கோல்தான் மேல், அதில் எனக்குச் சந்தேகமில்லை. மொத்த எடையை வைத்துக் கோல் வாங்குவது புத்தகத்தைக் கிலோ கணக்கில் வாங்குகிற மாதிரி. ஆனால் லேசு வேண்டும் என்று எண்ணைக் குறைக்காதீர்கள். நான் அந்தத் தப்பையும் செய்தேன். தோளுக்கு இதமாக இருக்கும் என்று 3-ம் எண் கோல் ஒன்றை இரவல் வாங்கி அவலாஞ்சிப் பக்கம் போனேன். காற்று கயிற்றைத் திருப்பி என் தொப்பியிலேயே மாட்டியது. அது போகட்டும். பெரிய மீன் ஒன்று மாட்டியது. நைந்த கோலால் அதை இழுக்க முடியாமல் வெகுநேரம் அலைக்கழித்துக் கரைக்குக் கொண்டுவந்தேன். முள்ளை எடுத்துத் தண்ணீரில் விட்டால், களைத்துப் போய் நீந்த முடியாமல் மல்லாந்துவிட்டது. தலையை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு நின்றேன், தேறவில்லை. 5-ம் எண் கோலாக இருந்திருந்தால் சீக்கிரமே கரைக்கு வந்திருக்கும், உயிரோடு போயிருக்கும். எனக்கு நோகக்கூடாது என்று எடுத்த கோல் அது.

இப்போது நண்பரிடம் கெஞ்சி அந்த 95 கிராம் கோலையே விலைக்கு வாங்கிக்கொண்டேன். டாக்டர் சொன்ன அரை மணியைத் தாண்டுவதில்லை. தோள் முழுக்கச் சரியாகவில்லை, ஆனால் பரணிலிருந்து இறங்கிவிட்டேன். மருமகனுடைய கோல் மருமகனிடமே இருக்கிறது, அவரிடம் கணக்கை இன்னும் காட்டவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

இரண்டு கோலும் மூங்கிலும் இன்று வண்டியில் வந்திருக்கின்றன. துறைத் தலைவரிடம் கேட்டிருக்கிறேன், சாப்பாடு முடிந்ததும் ஆய்வகத்தில் தாங்கலும் கடிகாரமும் கொடுக்கிறேன் என்றிருக்கிறார். மாணவர்கள் மூன்றையும் ஆட்டிப் பார்க்கலாம். என் கணக்கில் பிழை இருந்தால் மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்ளுங்கள்.