மறைகாமிராவும் மக்கள் பிரதிநிதியும்

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2005 டிசம்பர் 12 அன்று ‘ஆபரேஷன் துரியோதனா’ எனும் ஒளிப்பதிவுகளைக் கோப்ராபோஸ்ட் இணைய இதழும் ஆஜ் தக் தொலைக்காட்சியும் வெளியிட்டன. இல்லாத ஒரு தொழில் சங்கத்தின் பெயரால் அணுகிய செய்தியாளர்களிடம், நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்புவதற்காக உறுப்பினர்கள் பணம் பெற்ற காட்சிகள் அவை. டிசம்பர் 23 அன்று மக்களவை உறுப்பினர்கள் 10 பேரும் மாநிலங்களவை உறுப்பினர் ஒருவரும் நீக்கப்பட்டனர். 2007 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அந்நடவடிக்கை செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

பொய் வேடமிட்டு உண்மையைப் பெறுவது முறையா? அவையில் எழுப்பப்படும் கேள்வி உறுப்பினரின் சொந்தச் சொத்தன்று, வாக்களித்தோரின் உரிமை. அதை விற்பவர் அந்தரங்கத்தைக் கேடயமாக்க இயலாது. அச்செய்தியாளர்கள் மீது தொடுக்கப்பட்ட வழக்கைத் தில்லி உயர்நீதிமன்றம் 2010இல் ரத்து செய்ததும் பொருத்தமே.

ஆயினும் எல்லை உண்டு. 2001இல் தெஹல்கா நடத்திய புலனாய்வில், அன்றைய பாஜக தலைவர் பங்காரு லட்சுமண் ஒரு லட்சம் ரூபாய் பெற்றது பதிவானது. அதே புலனாய்வில் ராணுவ அதிகாரிகளுக்குப் பாலியல் தொழிலாளர்களை ஏற்பாடு செய்திருந்தது பின்னர் வெளிவந்தது. குற்றத்தைப் பற்றிய விவாதத்தை வழிமுறை பற்றியதாகத் திசைதிருப்ப ஆட்சியாளர்களுக்கு அது வாய்ப்பளித்தது. 2007இல் தில்லிப் பள்ளி ஆசிரியை ஒருவர் மீது போலி ஒளிப்பதிவு பழி சுமத்தியது. கும்பல் அவரைத் தாக்கிய பின்னரே பொய் அம்பலமாயிற்று.

எனவே மூன்று நெறிகள் தேவை. நடக்கும் குற்றத்தைப் பதிவு செய்யலாம். வற்புறுத்திக் குற்றத்தை உருவாக்கலாகாது. பொதுக்கடமையை ஆராயலாம், படுக்கையறையை ஆராயலாகாது. வெட்டி ஒட்டாத முழுப்பதிவும் விசாரணை அமைப்பிடம் ஒப்படைக்கப்பட வேண்டும்.

நீக்கப்பட்ட பதினொருவரில் இடதுசாரிகள் எவருமில்லை. அதில் பெருமை கொள்ளலாம். எனினும் நாளை அக்காமிரா கட்சி அலுவலகத்தின் கதவைத் தட்டினாலும் இதே நெறிகளே பொருந்த வேண்டும். பிறருக்கு ஒரு நீதி, தனக்கு ஒரு நீதி என்பது கம்யூனிஸ்ட் ஒழுக்கமன்று.

இன்னொன்றும் மறக்கலாகாது. அப்பதினொருவர் பெற்றவை ஆயிரக்கணக்கிலான ரூபாய்கள். மிகுதியாகப் பெற்றவருக்கும் ஏறத்தாழ ஒரு லட்சமே. தேர்தல் பத்திரங்கள் வழியே கைமாறியவையோ பல ஆயிரம் கோடிகள். அவை சட்டத்தின் துணையுடனேயே மறைக்கப்பட்டன; எந்த மறைகாமிராவும் அவற்றைக் காட்டவில்லை. 2024 பிப்ரவரி 15 அன்று அத்திட்டத்தை வீழ்த்தியது வெளிப்படையாக நடத்தப்பட்ட வழக்கு. சிறு கையூட்டைப் படம்பிடித்த ஊடகம் பெருமுதலாளியின் கொடையையும் கேள்விக்குள்ளாக்கும்போதுதான் அதன் அறம் முழுமை பெறும்.