நீர் பிரியும் மாத்திரையும் நமது கடமையும்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்விக்கென்று கண்ட இச்சங்கத்தின் விழாவில் மாத்திரையைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணலாம். காரணம் உண்டு. நமது வீட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறோம்.

கன்னடியன் கால்வாய்ப் பாசன வயல்களில் நாற்பது ஆண்டுகள் நடவு நட்டவர் நமது அத்தை. அவருக்கு இரத்தக் கொதிப்பும் கால் வீக்கமும் கண்டன. மருத்துவர் ஒருவர் நீர் பிரியும் கூட்டு மாத்திரை எழுதித் தந்தார். வீக்கம் வடிந்தது, கொதிப்பும் தணிந்தது. கோடையில் மூட்டுவலி வந்தபோது கடையில் வலி மாத்திரை வாங்கிப் பத்து நாள் விழுங்கினார். பிறகு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. சோர்வு தீர அக்கம்பக்கத்தார் நாளுக்கு மூன்று இளநீர் கொடுத்தனர். கூட்டு மாத்திரையும் தவறாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஒரு காலை அவரால் காலை ஊன்றி எழ இயலவில்லை, நாடியும் தளர்ந்திருந்தது. மருத்துவமனையில் இரத்தத்தைச் சோதித்தபோது பொட்டாசியம் அளவு மீறியிருந்தது, சிறுநீரகமும் தளர்ந்திருந்தது. நல்லவேளையாக அவர் பிழைத்துக்கொண்டார்.

அந்த மாத்திரையைப் பற்றி அவருக்கு எவரும் விளக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. கைகட்டி நின்றே பழக்கப்படுத்தப்பட்ட தலைமுறை அது. ஆனால் படித்தவர்களாகிய நாம் அதே வீட்டில் இருந்தோம். அந்த அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று நாமும் பார்க்கவில்லை. அந்த வருத்தமே இன்று நம்மைப் பேச வைக்கிறது.

சிறுநீரகம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டி, ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் வெளியேற்றி, எஞ்சியதை உடலுக்கே திருப்பிவிடுகிறது. உப்பு மிகுந்தால் நீரும் உடலில் தங்கும். இரத்த அழுத்தம் உயரும். தயாசைடு வகை மருந்துகள் 1950களின் பிற்பகுதியில் வழக்கத்திற்கு வந்தன. ஹைட்ரோகுளோரோதயாசைடு, அதனினும் வலிய ஃபியூரோசெமைடு ஆகியவை மடையைத் திறந்துவிடுவதுபோல் உப்பையும் நீரையும் வெளியேற்றுகின்றன. ஆனால் அவற்றோடு பொட்டாசியமும் போய்விடுகிறது. அது குறைந்தால் தசை தளரும். இதயத் துடிப்புத் தடுமாறும். ஆகவே பொட்டாசியத்தை உடலில் நிறுத்திவைக்கும் அமிலோரைடு, டிரையாம்டெரீன், ஸ்பைரோனோலாக்டோன் ஆகியவற்றுள் ஒன்றைச் சேர்த்து ஒரே மாத்திரையாகச் செய்தனர். இதுவே கூட்டு மாத்திரை. இதில் பொட்டாசியம் குறையவும் கூடும்; மிகவும் கூடும். இரண்டுமே ஆபத்து.

இதனை உண்போர் நினைவிற்கொள்ள வேண்டியவை சில.

முதலாவது, மாத்திரையைக் காலையில் உண்க. இரவில் உண்டால் உறக்கம் கெடும்; இருளில் எழுந்து விழ நேரும். படுக்கையிலிருந்து சற்று உட்கார்ந்து, பின்னரே எழுக.

இரண்டாவது, வலி மாத்திரை. டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை இம்மாத்திரையின் பயனைக் குறைத்துச் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியவை. குனிந்து நடவு நடுவோரும் நாள் முழுதும் பீடி சுற்றுவோரும் இடுப்பு வலிக்கென்று இவற்றைத் தாமாக வாங்கலாகாது.

மூன்றாவது, பொட்டாசியம். சோடியம் குறைந்த உப்பு என்று விற்கப்படுபவற்றில் பொட்டாசியம் உண்டு, அவற்றை விலக்குக. இந்துப்பு கொதிப்புக்கு நல்லது என்பதும் தவறு. அதுவும் பெரும்பாலும் சோடிய உப்பே. இளநீர் நல்லதுதான், ஆயினும் சிறுநீரகம் தளர்ந்தவர்களும், எனலாபிரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்றவற்றையும் சேர்த்து உண்பவர்களும் மருத்துவரைக் கேட்ட பின்னரே பருகுக.

நான்காவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் காய்ச்சல் கண்டால் அன்றே மருத்துவரிடம் கேளுங்கள். அந்நாள்களில் மாத்திரையைச் சற்று நிறுத்திவைக்கச் சொல்லக்கூடும்.

ஐந்தாவது, தொடங்குமுன்னும், தொடங்கிய சில வாரங்களிலும், பின்னர் மருத்துவர் குறிக்கும் காலங்களிலும் சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் ஆகிய சோதனைகளைச் செய்துகொள்க. கை கால் தளர்ச்சி, நெஞ்சுப் படபடப்பு, மயக்கம், சிறுநீர் குறைதல் ஆகியவை கண்டால் காத்திராமல் மருத்துவமனைக்கு விரைக.

இன்னொன்று. கால் வீங்கிய அனைவருக்கும் ஒரே மருந்தன்று. இதயம், சிறுநீரகம், கல்லீரல், யானைக்கால் எனக் காரணங்கள் பல. கொதிப்புக்குத் தரும் அம்லோடிபின் மாத்திரையாலேயே கால் வீங்குவதும் உண்டு. ஆகவே அடுத்த வீட்டார் மாத்திரையை வாங்கி விழுங்காதீர்கள். கருவுற்ற தாய்மாருக்குக் கால் வீக்கமோ தலைவலியோ கண்டால் உடனே சுகாதார நிலையம் செல்க. கொதிப்பு தணிந்துவிட்டதென்று மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் தீது, தணிந்திருப்பது மாத்திரையால்தான்.

உப்பைக் குறைத்தாலன்றி மருந்தும் முழுப்பயன் தராது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்புக் கொள்ளுமாறு உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அது ஒரு தேக்கரண்டி அளவுதான். கருவாடு, ஊறுகாய், அப்பளம் இவற்றைத் தொட்டுக்கொண்டே பழைய சோற்றை உண்ணும் நமக்கு இது எளிதன்று. சிறிது சிறிதாகக் குறைத்தால் நாக்குப் பழகிவிடும்.

பாளையங்கோட்டையில் 1965இல் தோன்றிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை நமக்கு எட்டும் தொலைவில் உள்ளது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் கொதிப்பு மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. மாத்திரை வந்துவிட்டது, அதைப் பற்றிய அறிவும் உடன் வர வேண்டாமா?

இளைஞர்களே! உங்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. இன்று வீடு திரும்பியதும் உங்கள் ஆச்சியின் மாத்திரைப் பையைத் திறவுங்கள். ஒவ்வோர் அட்டையின் பெயரையும் ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த முறை அவரோடு மருத்துவரிடம் செல்லுங்கள். “இது எதற்கு? இதனோடு எது ஆகாது? சோதனை எப்போது?” என்று அச்சமின்றிக் கேளுங்கள். முன்னோர் கேட்க இயலாத கேள்விகளை நாம் கேட்பதற்காகவே இக்கல்வி நமக்கு வாய்த்தது.