பிரிட்ஜுலதானே இருக்கு!



"பிரிட்ஜ் குடும்பத்துக்கு வரம், கறிப் பாக்கெட்டை உள்ளே வச்சிட்டா பயமே இல்லை"ன்னு எதிரணிச் சகோதரி பேசிட்டு அமர்ந்தார்கள். அங்கேதான் அய்யா எனக்குப் பயமே வருது! (சிரிப்பு)

எங்க அப்பத்தாவுக்கு மூக்குதான் சோதனைச்சாலை. கறியை ஒரு தடவை மோந்து பார்க்கும். "ஏன்டா, நேத்து அறுத்ததை உன் தலையிலே கட்டிட்டானே"ன்னு திருப்பி அனுப்பும். கடைக்கும் வீட்டுக்கும் நடந்தே இளைச்சவன் நான்! (சிரிப்பு)

பாக்கெட் கறியிலே அந்த மூக்கே தோத்துப் போகும். குளிர் கிருமியைக் கொல்வதில்லை. பெரும்பாலானவற்றை முடக்கி வைக்கும், அவ்வளவுதான். லிஸ்டீரியான்னு ஒரு கிருமி, அது முடங்காது. 4 டிகிரிக் குளிரிலும் மெல்லப் பெருகும். காற்றை உறிஞ்சி அடைத்த பாக்கெட்டிலும் வளரும். நாற்றம் கிளப்புகிற பல கிருமிகள் அங்கே அடங்கிக் கிடக்கும். வாடை இருக்காது, ஆள் உள்ளே இருப்பான்!

தென்னாப்பிரிக்காவிலே போலோனின்னு ஒரு பண்டம். அரைத்த கறியைக் குழலாக அடைத்து, வேகவைத்து, குளிரவைத்து விற்பது. மலிவு. அப்படியே அரிந்து ரொட்டியில் வைத்துத் தின்பார்கள். 2017-இல் அங்கே இந்த நோய் பரவியது. நோய் கண்டவர்களில் பத்துக்கு நாலு பேர், பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத சிசுக்கள். தாய்க்கு லேசான காய்ச்சல்தான். கருவிலே இருக்கிற பிள்ளையைப் போய்த் தாக்கும்.

மாதக்கணக்கில் காரணம் பிடிபடவில்லை. சாப்பிட்டு 70 நாள் கழித்துக்கூட வருகிற நோய் அய்யா இது! ரெண்டு மாசம் முந்தி என்ன தின்னேன்னு கேட்டா யார் சொல்லுவா? நேத்து வச்ச குழம்புக்கே எங்க வீட்டிலே சாட்சி இல்லை! (சிரிப்பு)

2018 ஜனவரியில் ஒன்பது காப்பகப் பிள்ளைகள் காய்ச்சல், வயிற்றுப்போக்கோடு சொவேட்டோ ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். காப்பகத்தில் இருந்த போலோனியைச் சோதித்தார்கள். லிஸ்டீரியா! தடம் பொலோக்வானே ஊர்த் தொழிற்சாலையில் போய் நின்றது. அந்த நோய்ப் பரவலில் மொத்தம் 216 உயிர் போனதய்யா... அத்தனையும் குளிரில் பத்திரமாக வைத்து விற்ற பண்டம்!

பிரிட்ஜே வேண்டாம்னு சொல்லலே. நல்லாச் சூடுபடுத்தினா இந்தக் கிருமி சாகும். போன வாரம் எங்க பிரிட்ஜிலே ஒரு கறிப் பாக்கெட்.

"எப்ப வாங்கினது?"ன்னேன்.

"அதிலேயே தேதி போட்டிருக்குமே"ங்கிறா.

தேதி ஈரத்திலே அழிஞ்சு போச்சு! தூக்கிப் போட்டேன். அன்னிக்கு எனக்கு வெறும் ரசம்தான் அய்யா! (கைதட்டல்)