வேண்டுவது காதலே!

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! எதிரில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் அன்பு நண்பர்களே! (சிரிப்பு) பனியன் நகரமாம் திருப்பூர் தந்த பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டில் தொலைக்காட்சி முன்னால் அமர்ந்திருக்கும் உறவுகளே!

"தனித்து நிற்கும் தாய்க்குப் பெரிதும் வேண்டுவது காவலா, காதலா?" இதுதான் தலைப்பு. "காதலே" என்று பேச வந்திருக்கிறேன். தலைப்பைக் கேட்டதும் என் வீட்டம்மா சிரித்தார். "முப்பது வருஷத்துல எங்கிட்ட அந்த வார்த்தையையே சொன்னதில்ல, டி.வி.யில போய்ச் சொல்லப் போறீங்களாக்கும்?" என்றார். (சிரிப்பு, கைதட்டல்) பேராசிரியர்கள் பாடே இதுதான் ஐயா. வகுப்பில் அகத்திணை, வீட்டில் அமைதித்திணை!

எதிரணி நண்பர் அழகாகத் தொடங்கினார். "திருப்பூர், காத்தவன் ஊர். கொடி காத்த குமரன் பிறந்த மாவட்டம் வேறு, புகழ் பெற்ற ஊர் இது. காவலுக்குப் பேர் போன மண்ணில் காதலைப் பற்றிப் பேசலாமா?" என்றார். உண்மைதான். 1932 ஜனவரி 11-ஆம் நாள் குமரன் உயிர் விட்டபோது அவருக்கு வயது 27. கொடியைக் காத்தார், நாடு வணங்குகிறது. ஆனால் அந்த வீட்டில் ஓர் இளம் மனைவி இருந்தாரே, அவரைப் பற்றி எத்தனை மேடையில் பேசினோம்? அவருக்கு அதன் பிறகு யார் துணை என்று எத்தனை பேர் கேட்டோம்?

அடுத்து நண்பர் இங்கிலீஷ் படத்துக்குப் போனார். 1992-இல் வந்த 'தி பாடிகார்டு'. புகழ்பெற்ற பாடகி. கணவன் துணை இல்லை. ஒரு சின்னப் பையன். உயிருக்கு மிரட்டல். மெய்க்காப்பாளர் வருகிறார். காதல் வருகிறது. கடைசியில் விமான நிலையத்தில் ஆளுக்கொரு பக்கம் போய்விடுகிறார்கள். "பார்த்தீர்களா, காவல் நின்றது, காதல் நிற்கவில்லை" என்றார் நண்பர்.

நானும் ஒரு படம் சொல்கிறேன். மலையாளத்தில் 2010-இல் 'பாடிகார்டு'. தமிழில் 2011-இல் 'காவலன்'. அதிலும் மெய்க்காப்பாளர்தான். அவர் மனைவியை இழக்கிறார். கையில் ஒரு பையன். முடிவில் அந்தப் பையனே அப்பாவின் பழைய காதலியை அப்பாவோடு சேர்த்து வைக்கிறான். நாம் என்ன செய்தோம்? கண்ணைத் துடைத்துக்கொண்டு கை தட்டினோம்! ஐயா, குழந்தையோடு நிற்கும் ஆணுக்குத் துணை வந்தால் "பிள்ளைக்கு அம்மா கிடைச்சுட்டா" என்கிறோம். குழந்தையோடு நிற்கும் பெண்ணுக்குத் துணை வந்தால் மட்டும் "இந்த வயசுல இவளுக்கு இது கேக்குதா?" என்கிறோம். என்னய்யா நியாயம்? (பலத்த கைதட்டல்)

"மொனாக்கோ இளவரசி ஸ்டெபானி தன் மெய்க்காப்பாளரை 1995-இல் மணந்தார், 1996-இல் மணமுறிவு" என்று அம்மையார் குத்தினார். சரிங்க. பத்துப் பொருத்தமும் பார்த்து, ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டு நடந்த கல்யாணங்கள் குடும்ப நீதிமன்ற வாசலில் வரிசையில் நிற்கின்றனவே, அதற்கு யாரைக் குத்துவது?

காவல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெண்கள் இரவு ஷிப்ட் பார்க்கக் கூடாது என்றிருந்த சட்டத் தடையை 2000-இல் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியபோது, பாதுகாப்பும் போக்குவரத்தும் செய்து தர வேண்டும் என்றும் சொன்னது. நல்லது. ஆனால் காவலைச் சட்டம் தரும். கம்பெனி வேன் தரும். கம்பத்தில் மாட்டிய கேமரா தரும். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும், "சாப்பிட்டியா?" என்று கேட்க ஒரு குரல் வேண்டுமே, அதை எந்தக் கேமரா தரும்?

அந்தக் குரலுக்கு இந்த நாடு எவ்வளவு தடை போட்டது! வித்தியாசாகர் போராடி 1856-இல் விதவை மறுமணச் சட்டம் வந்தது. அதற்குள்ளும் ஒரு முள்: மறுமணம் செய்தால் முதல் கணவர் வழிச் சொத்துரிமை போய்விடும்! பக்கத்து ஈரோட்டில் பெரியார், இளம் விதவையான தம் சகோதரி மகளுக்கு எதிர்ப்பை மீறி மறுமணம் செய்து வைத்தார். டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரில் விதவை மறுமண உதவித் திட்டத்தைத் தமிழக அரசு 1975-இல் கொண்டுவந்தது. இவ்வளவுக்கும் பிறகு, இதே ஈரோடு மாவட்டம் நம்பியூர்ப் பகுதியில் கணவரை இழந்த ஒரு பெண்மணி கோயிலுக்குள் நுழைய, 2023-இல் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. பெண்ணுக்கென்று தனி அடையாளம் உண்டு, மணநிலையை வைத்து அதைக் குறைக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டியிருக்கிறது.

(நடுவர் மணி அடிக்கிறார்)

நடுவர் அவர்களே, இன்னும் நாலு நிமிடம் கொடுங்கள். இதுவரை பேராசிரியர் பேசினார். இனி ஒரு மகன் பேசப் போகிறான்.

எனக்கு ஆறு வயதில் அப்பா தவறிப்போனார். அம்மா இதே திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கைமடி வேலைக்குப் போனார். நொய்யல் கரையோரம் லைன் வீடு. ஓவர்டைம் இருந்தால் அம்மா திரும்ப ஒன்பது, பத்து மணி ஆகும். வழியெல்லாம் இருட்டு. சனிக்கிழமை சம்பளம் வாங்கி வரும் ராத்திரி பயம் இன்னும் கூடுதல்.

அந்தக் கம்பெனி வாட்ச்மேன் பட்டாளத்திலிருந்து வந்தவர். கால் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடப்பார். டியூட்டி முடிந்ததும் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு அம்மாவுக்குப் பத்தடி பின்னால் வருவார். வெளிச்சம் அம்மாவின் காலுக்கு முன்னால் விழும். வாசல் வரை வந்து, "வர்றனுங் அம்மணி" என்று திரும்பிவிடுவார். உள்ளே வந்ததில்லை. தண்ணீர் கூடக் கேட்டதில்லை. இதைத்தானே எதிரணி 'காவல்' என்கிறது? அதில் குறையே இல்லை.

1984-இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூரில் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. பெரியவர்களுக்கு நினைவிருக்கும். சனிக்கிழமை வரும், சம்பளம் வராது. மளிகைக் கடையில் கடன் நின்றுபோனது. அப்போது வாசல் திண்ணையில் சில நாள் ஒரு துணிப்பையில் அரிசி இருக்கும். யார் வைத்தது என்று அம்மா கேட்கவில்லை. எனக்கும் தெரியும்.

எனக்குப் பதினாலு வயது. குழாயடியில் நாலு பேர் பேசினார்கள். "வாட்ச்மேனுக்கு அந்த வீட்லயும் டியூட்டியாமா?" என்றார்கள். சுருக்கென்று தைத்தது. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன். அவர் வாசலில் நிற்கிறார். அம்மா நிலைப்படியில் நின்று ஏதோ கேட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார். அப்பா போன பிறகு அம்மா சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சந்தோஷப்பட வேண்டிய மகன் என்ன சொன்னேன் தெரியுமா?

"நீங்க கம்பெனிக்குத்தானுங்க வாட்ச்மேன்? எங்க வீட்டுக்கு இல்லீங்களே!"

எங்கள் ஊரில் திட்டுவதற்கும் 'ங்க' போடுவோம். (சிரிப்பு) சிரிக்காதீர்கள் ஐயா. மரியாதையாகச் சொன்னதால் அது ஆழமாக இறங்கிவிட்டது.

அவர் கோபப்படவில்லை. "சரீங் தம்பி" என்றார். டார்ச்சைத் திண்ணையில் வைத்தார். "அம்மா இருட்டுல வருவாங்க. இதை வெச்சுக்கங்க கண்ணு" என்றார். தாங்கித் தாங்கி நடந்து போனார். கம்பெனி திறந்தபோது அங்கே வேறு வாட்ச்மேன் இருந்தார்.

அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த டார்ச்சோடு தனியாக வேலைக்குப் போனார், வந்தார். என்னைப் படிக்க வைத்தார். முனைவர் பட்டம் வாங்கினேன். பத்துப்பாட்டில் யாமக் காவலரைப் பற்றி வகுப்பெடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாங்கி நடக்கும் கால்தான் ஞாபகம் வரும்.

போன வருடம் துணிந்து கேட்டேன். அம்மாவுக்கு எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. "அம்மா, அன்னிக்கு நான் அப்படிச் சொல்லாம இருந்திருந்தா?" கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு சொன்னார்: "டார்ச்சுத்தான் இருந்துச்சே கண்ணு, பயமெல்லாம் இல்ல. பத்தடி பின்னால வந்துட்டே, இன்னிக்கு என்னங் கொழம்புன்னு கேப்பாரு. அப்புறம் அதைக் கேக்கறதுக்குத்தான் ஆளில்லாமப் போச்சு."

(அரங்கில் அமைதி, பின் நீண்ட கைதட்டல்)

நடுவர் அவர்களே! டார்ச் லைட் என்பது காவல். அது எங்கள் வீட்டிலேயே இருந்தது. என்ன குழம்பு என்று கேட்டதுதான் காதல். அதை நான் வாசலிலிருந்து திருப்பி அனுப்பினேன்.

எதிரணி அம்மையார் கேட்டார்: "பிள்ளையின் மனசு நோகாதா?" நோகும். அந்தப் பிள்ளை நான்தான். பதினாலு வயதுப் பையனிடம், "உங்கப்பா இடத்தை யாரும் எடுக்க வரல, உங்கம்மாவுக்கும் பேச ஒரு ஆள் வேணும்" என்று ஒரு சித்தப்பா, ஒரு மாமன், ஒரு வாத்தியார் சொல்லியிருந்தால் போதும். குழாயடி பேசியது, உறவு பேசவில்லை. வருகிறவன் நல்லவனா என்று விசாரியுங்கள், பத்து முறை விசாரியுங்கள். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள். ஆனால் விசாரிக்கும் முன்பே வாசலைச் சாத்தாதீர்கள்.

இந்த ஊரில் இன்றைக்கும் காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்குத் திரும்பும் தாய்மார்கள் எத்தனையோ பேர். கையில் டிபன் பை, வீட்டில் பிள்ளை. நம் உடம்பில் ஒட்டியிருக்கும் பனியனை மடித்துக் கொடுத்தவர்கள் அவர்கள். அவர்களில் யாராவது ஒருவர் வாசல்படியில் நின்று சிரித்தால், தயவுசெய்து யாரும் கணக்குக் கேட்காதீர்கள். இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பதினாலு வயதுத் தம்பிகளே, உங்களுக்கும்தான் சொல்கிறேன்.

மெய்க்காப்பாளர் என்கிறோம். தமிழில் மெய் என்றால் உடம்பு. மெய் என்றால் உண்மை. உடம்பைக் காக்க ஆயிரம் பேர் கிடைப்பார்கள். மனசில் உள்ள மெய்யைக் காக்க ஒருவர் கிடைத்தால், அவரைக் காவலர் என்று வாசலில் நிறுத்தாமல், துணைவர் என்று உள்ளே அழையுங்கள். ஆகவே, தனித்து நிற்கும் தாய்க்குப் பெரிதும் வேண்டுவது காதலே, காதலே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு, முன்வரிசையில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் என் தாயிடம் இத்தனை பேர் முன்னால் மன்னிப்பும் கேட்டு, விடைபெறுகிறேன்.