கழிவுக்கு எது இடம்?



பாடசாலை அமைக்க இடம் வேண்டுமெனில், எங்கள் ஊரிலே அமையுங்கள் என்று பல ஊரார் முன்வருவர். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கோ குப்பை சேர்க்கும் களத்துக்கோ இடம் வேண்டுமெனில், எங்கள் ஊர் வேண்டாம் என்பதே எங்கும் கிடைக்கும் விடை. ஆயினும் இவையின்றி எந்த நகரமும் நலமாக வாழ முடியாது. இவ்வழக்கின் இரு பக்கங்களையும் அறிய விரும்புவோர்க்கு வத்தளை நல்லதோர் எடுத்துக்காட்டு.

களனி கங்கையின் வடகரையில் உள்ளது வத்தளை. தெற்கே, கங்கைக்கு அப்பால், கொழும்பு மாநகர். வடக்கே முத்துராஜவெலச் சதுப்பு நிலம். மாநகரின் கழிவுநீர்க் குழாய்த் திட்டம், ஆங்கிலப் பொறியியலாளர் ஜேம்ஸ் மான்சர் வகுத்த வழியில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்றது. நெடுங்காலம் கழிவுநீர் களனி கங்கையில் விடப்பட்டது. 1980களில் வெள்ளவத்தையிலிருந்தும் முகத்துவாரத்திலிருந்தும் கடலுக்குள் நீளும் குழாய்கள் அமைந்தன. முகத்துவாரமோ கங்கை கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகிலுள்ளது. ஆகவே, மாநகரின் கழிவு வத்தளை மக்களுக்குப் புதிய செய்தியன்று.

கழிவுநீர் தன் எடையினாலேயே குழாயில் ஓடுவது சிக்கனம்; மேலேற்றுவதற்குப் பம்பும் மின்சாரமும் வேண்டும். எனவே பொறியியலாளர் தாழ்ந்த நிலத்தைத் தேடுவது இயல்பு. ஆனால் தாழ்ந்த நிலத்தில் வாழ்பவர் யாவர்? பெரும்பாலும் மேட்டு நிலத்தை விலைகொடுத்து வாங்க இயலாதவர். ஆதலால் கணக்கிலே பிழையற்ற முடிவும் நீதியிலே பிழையுடையதாகிவிடக் கூடும்.

குப்பை தானாக ஓடுவதில்லை, லொறியிலே செல்வது. எனினும் அதுவும் அவ்வழியே சென்றது. கொட்டாஞ்சேனையை அடுத்த புளூமெண்டாலில் மலைபோல் குவிந்த குப்பைமேடு 2009ஆம் ஆண்டு மூடப்பட்டது. அதற்கு மாற்றாக, தற்காலிக ஏற்பாடென்று கூறி, கொலன்னாவைப் பகுதியிலுள்ள மீதொட்டமுல்ல தெரிந்தெடுக்கப்பட்டது. தற்காலிகம் எட்டாண்டு நீண்டது. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், புத்தாண்டுத் தினத்தன்று, அம்மேடு சரிந்து வீடுகளின்மேல் வீழ்ந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

மறுநாளும் மாநகரிலே குப்பை சேர்ந்தது. அது எங்கே செல்வது? புதிய இடங்களிலெல்லாம் எதிர்ப்பு எழுந்தது. குப்பை அகற்றல் அத்தியாவசிய சேவையென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அதைத் தடுப்பது குற்றமாயிற்று. கழிவின் ஒரு பகுதி வத்தளையை அடுத்த கெரவலப்பிட்டியவுக்கும் முத்துராஜவெலப் பக்கத்துக்கும் வந்தது. அங்கும் மக்கள் எதிர்த்து நின்றனர்.

அதிகாரிகளின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. நாள்தோறும் சேரும் நூற்றுக்கணக்கான தொன் கழிவைத் தெருவிலே விட்டால் நோய் பரவும். எங்கேனும் ஓரிடம் வேண்டும். மக்களின் வாதமும் அறியாமையாற் பிறந்ததன்று. சதுப்பு நிலத்திலே நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில் நிற்கிறது. குப்பையிலிருந்து கசியும் கரிய நீர் அதனோடு கலந்தால் கிணறு கெடும். நீர்கொழும்புக் களப்பை நம்பிய மீனவரின் தொழிலும் கெடும். வெள்ளநீரை ஏந்திக்கொள்ளும் நிலத்தை நிரப்பினால், அவ்வெள்ளம் வீடுகளைத் தேடி வரும். இவற்றுக்கெல்லாம் மேலாக, தற்காலிகம் என்ற சொல்லின் பொருளை மீதொட்டமுல்லயிலே அவர்கள் கண்டிருந்தனர்.

2021ஆம் ஆண்டு பெப்ரவரியில், கழிவை எரித்து 10 மெகாவாற் மின்சாரம் பெறும் நிலையம் கெரவலப்பிட்டியவில் தொடங்கப்பட்டது. குவிப்பதினும் இது மேலான வழி. எனினும் இயந்திரம் மட்டும் நம்பிக்கையைத் தந்துவிடாது. கழிவுநீர் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். அழுக்கை உண்டு நீரைத் தெளிவிக்கும் நுண்ணுயிர்களுக்கு இடைவிடாது காற்று வேண்டும். காற்றூட்டும் பொறி நின்றால் அவை மடியும், துர்நாற்றம் எழும். நிலையத்தைக் கட்டுவது சில ஆண்டு வேலை; பேணுவதோ என்றும் ஓயாத வேலை. அயலார் அஞ்சுவது பெரும்பாலும் கட்டடத்தை அன்று, பராமரிப்பின்மையையே.

ஆகவே, எங்கே என்ற வினாவுக்கு முன்னால் எவ்வாறு என்ற வினாவுக்கு விடை வேண்டும். தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், பெருந்திட்டங்களின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டறிக்கையைப் பொதுமக்கள் பார்வையிட்டுக் கருத்துரைக்க 30 நாள் அவகாசம் அளித்தது. இவ்வுரிமையைப் பயன்படுத்துவது, லொறி வந்தபின் சாலையை மறிப்பதினும் பயன் தரும். அதிகாரிகளுக்கும் கடமையுண்டு: இடத்தை முடிவு செய்யுமுன் ஊராரை அழைக்க வேண்டும், தற்காலிகமெனில் முடியும் நாளை எழுத்திலே தரவேண்டும், நீரையும் காற்றையும் சோதித்த முடிவுகளை மக்கள் மொழியிலே வெளியிட வேண்டும்.

நகரத்தாருக்குள்ள கடமை வீட்டிலேயே தொடங்குகிறது. சமையற் கழிவைப் பிரித்து உரமாக்கும் ஒவ்வொரு வீடும் அயலூரின் சுமையைச் சிறிது குறைக்கிறது. கழிவு வீட்டு வாயிலைத் தாண்டியதும் மறைந்துபோவதில்லை. இன்னொருவர் வாயிலைச் சென்றடைகிறது. அந்த இன்னொருவரின் சம்மதத்தையும் கேட்டறிவதே நாகரிகம்.