ஊர்ச் சொத்தை ஆள்பிடிக்கக் கொடுக்க முடியாது



சிக்காகோ என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது மே தினம். எட்டு மணி நேர வேலைக்காக 1886-ல் அங்கே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஹேமார்க்கெட் வழக்கில் எட்டுப் பேரைக் கூண்டில் ஏற்றினார்கள். அந்த எட்டுப் பேரில் ஆறு பேர் அமெரிக்காவில் பிறந்தவர்கள் அல்ல. ஐவர் ஜெர்மனியிலிருந்தும் ஒருவர் இங்கிலாந்திலிருந்தும் வந்து குடியேறியவர்கள். 'அந்நியர்' என்ற ஏச்சு அன்றே அவர்கள் மீது வீசப்பட்டது. அதே நகரத்தில் 2025-ல் நடந்ததைக் கேளுங்கள்.

2025 செப்டம்பரில் டிரம்ப் சர்க்கார் அங்கே பெரிய ஆள்பிடி வேட்டையைத் தொடங்கியது. குடியேற்ற இலாகாவின் ஆட்கள் முகமூடி போட்டுக்கொண்டு வீதியில் இறங்கினார்கள். யாரைப் பிடித்தார்கள்? கட்டட வேலைக்காரனை, தெருவில் பலகாரம் விற்கிறவளை, பெரிய கடை வாசலில் நாள்கூலிக்குக் காத்து நிற்கிறவனை.

இப்படி வேட்டையாட வருகிறவனுக்கு இடம் வேண்டும். வண்டிகளை நிறுத்தவும் படையைக் கூட்டவும் பிடித்தவர்களை வைத்து விசாரிக்கவும் இடம் வேண்டும். நகரத்தின் வண்டி நிறுத்தும் திடல்களும் காலிமனைகளும் அதற்கு வசதியாகப் போயின. அவை யார் பணத்தில் உண்டானவை? பிடிபடுகிறவனும் அந்த ஊரில் வரி கட்டுகிறவன்தான்!

அக்டோபர் 6-ந் தேதி மேயர் பிராண்டன் ஜான்சன் ஓர் உத்தரவு போட்டார். இவர் பள்ளி ஆசிரியராக இருந்து, ஆசிரியர் சங்கத்தில் வேலை செய்து மேயரானவர். நகரத்துக்குச் சொந்தமான திடல், காலிமனை, வண்டிக் கொட்டகை எதையும் குடியேற்ற வேட்டைக்குத் தளமாக்கக் கூடாது என்கிறது அந்த உத்தரவு. அங்கே அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். முடிந்த இடங்களில் கேட்டைப் பூட்ட வேண்டும். கடைக்காரர்களும் வீட்டுக்காரர்களும் விரும்பினால் தங்கள் இடத்தில் இப்படிப்பட்ட பலகையை வைக்கலாம். இரண்டு நாளில் டிரம்ப், மேயரைச் சிறையில் போட வேண்டும் என்று எழுதினார். அடி எங்கே விழுந்தது என்பது அதிலிருந்தே தெரிகிறதல்லவா?

மத்திய சர்க்காரை ஒரு நகரசபை எதிர்க்க முடியுமா என்று கேட்பீர்கள். மத்திய அதிகாரியின் வேலையைத் தடுக்க நகரசபைக்கு அதிகாரமில்லை. ஆனால் அந்த வேலைக்குத் தன் ஆளையும் பொருளையும் தரமாட்டேன் என்று சொல்லலாம். உள்ளூர் அதிகாரிகளை மத்திய சர்க்கார் தன் ஏவலாளாக்க முடியாது என்று 1997-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. அது துப்பாக்கி விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை எதிர்த்து ஷெரீபுகள் போட்ட வழக்கு. வலதுசாரி நீதிபதிகள் எழுதிய தீர்ப்பு இன்று ஏழைக்குக் கேடயமாகியிருக்கிறது! வேடிக்கைதான்.

உத்தரவின் எல்லையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பொது வீதியில் ஆள் பிடிப்பதை அது நிறுத்தாது. நீதிபதி கையெழுத்திட்ட வாரண்டோடு வந்தால் வழிவிட வேண்டும். ஆனால் குடியேற்ற இலாகா அதிகாரியே எழுதி, அவரே கையெழுத்திட்டுக் கொண்டுவரும் தாளும் உண்டு. அது கோர்ட்டு வாரண்டு ஆகாது. இந்த வித்தியாசத்தை அங்குள்ள சங்கங்கள் தொழிலாளிக்குச் சொல்லிக் கொடுக்கின்றன.

இதில் கூலிப் பிரச்னையும் இருக்கிறது. பேப்பர் இல்லாத தொழிலாளி கூலி பாக்கியைக் கேட்டால், "இலாகாவுக்குச் சொல்லட்டுமா?" என்கிறான் முதலாளி. அவன் வாய் மூடிக்கொள்கிறான். பக்கத்தில் நிற்கும் அமெரிக்கத் தொழிலாளியின் கூலியும் அதோடு இறங்குகிறது. ஆஸ்பத்திரிக்கோ போலீசுக்கோ போகவும் பயம். இதை எண்ணித்தான், சிக்காகோவின் முதல் கறுப்பின மேயர் ஹரால்ட் வாஷிங்டன், நகர ஊழியர் யாரும் மக்களிடம் குடியுரிமையை விசாரிக்கக் கூடாது என்று 1985-லேயே உத்தரவிட்டார். அவருக்குப் பின் மேயர்கள் பலர் மாறியும் அந்தக் கொள்கை நிற்கிறது.

புதிய உத்தரவை மீறினால் நகரசபை கோர்ட்டுக்குப் போகலாம். ஆனால் காலிமனையில் வண்டி வந்து நிற்பதை முதலில் பார்க்கிறவர்கள் அந்தத் தெருக்காரர்கள். வேட்டை நடந்த பேட்டைகளில் அவர்கள் கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு காவல் இருந்தார்கள். வண்டியைக் கண்டதும் ஊதினார்கள்.