தரை தட்டினால் பாயை இறக்கு
(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



பள்ளிக்கரணையில் வாழும் நமக்குக் கடலின் ஏற்றமும் வற்றமும் புதியவை அல்ல. மழைக்காலத்தில் நம் சதுப்புநிலத்தில் சேரும் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, முட்டுக்காடு தாண்டி, கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. கடல் ஏறி நிற்கும் நேரத்தில் அது வடியத் தாமதமாகும். நாம் அவசரப்படுகிறோம் என்பதற்காகக் கடல் இறங்குவதில்லை. இதைத் தினமும் கணக்கில் வைத்துப் பிழைக்கிறவர்கள் கடலோடிகள். இன்று அவர்களிடம் ஒரு பாடம் கேட்போம்.

இராமேசுவரம் போனவர்கள் பாம்பன் கால்வாயைப் பார்த்திருப்பீர்கள். 1914-இல் திறந்த பழைய இரயில் பாலத்தின் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து உயர்ந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் அது செங்குத்தாக மேலே போகும். அந்த வழியாகத்தான் பாய்மரப் படகுகள் மன்னார் வளைகுடாவிலிருந்து பாக் விரிகுடாவுக்குள் வருகின்றன. பாலம் உயர்ந்தால் மட்டும் போதாது. கீழே வழி ஒடுக்கம், ஆழம் குறைவு. அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டர்கூட இல்லை. ஆனாலும் கடப்பதா, தட்டுவதா என்பதை ஒரு சாண் தண்ணீர் முடிவு செய்துவிடும். ஆகவே நங்கூரமிட்டு, நீர் ஏறும்வரை காத்திருக்கிறார்கள்.

கட்டுமரம் மணலிலேயே ஏறிவிடும். நெடும்பயணம் போகும் பாய்ப்படகு அப்படி அல்ல. அதன் அடியில் ஏரா என்ற கனமான பகுதி உண்டு. பல படகுகளில் அது நீருக்குள் ஒன்றரை, இரண்டு மீட்டர் இறங்கியிருக்கும். காற்றில் படகு கவிழாமலும், பக்கவாட்டில் அடித்துச் செல்லப்படாமலும் காப்பது அதுதான். ஆழமில்லாத இடத்தில் முதலில் தரை தட்டுவதும் அதுதான். அதற்காக எந்த மாலுமியும் ஏராவை வெட்டி எறிவதில்லை. நம் மனச்சான்றும் இப்படித்தான். கையூட்டுக் கொடுத்தவன் கடந்து போகிறான், கொடுக்காதவன் நிற்கிறான். நிற்பது அவமானம் அல்ல.

அப்படியும் தட்டிவிட்டால் என்ன செய்வது? அனுபவசாலிகள் செய்யும் முதல் வேலை, பாயை இறக்குவது. முன்னே தள்ளும் காற்றில் பாயை விரித்தே வைத்திருந்தால் படகு இன்னும் மேட்டில் ஏறும். பிறகு கயிற்றில் கட்டிய ஈயக்குண்டை விட்டுச் சுற்றிலும் ஆழம் பார்க்கிறார்கள். படகைப் பக்கவாட்டில் சாய்க்கிறார்கள். சாய்ந்தால் ஏரா சற்று மேலே வரும். சிறு தோணியில் நங்கூரத்தை ஏற்றி, ஆழமான பக்கம் கொண்டுபோய்ப் போட்டு, அந்தக் கயிற்றை இழுக்கிறார்கள். பெரும்பாலும் அது வந்த வழியே திரும்பும் திசை. அப்புறம் தண்ணீருக்காகக் காத்திருக்கிறார்கள். நீர் ஏறும்போது தட்டியவனைச் சற்று நேரத்தில் கடலே தூக்கிவிடும். வற்றும்போது தட்டியவன் ஏறத்தாழ 12 மணி நேரம்வரைகூடப் பொறுக்க வேண்டியிருக்கும்.

அன்பானவர்களே, நம் வீடுகளிலும் படகுகள் தட்டி நிற்கின்றன. வேலை போய்விட்டது, வீட்டுக் கடனின் தவணை நிற்கவில்லை. அதை அடைக்கக் கைப்பேசியில் ஒரு கடன், அதை அடைக்க நகை, அப்புறம் கந்துவட்டி. மனைவிக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியாது. இதுதான் தரை தட்டிய பிறகும் பாயை விரிப்பது. பாயை இறக்குங்கள். எவ்வளவு கடன், யாருக்கு, எப்போது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அது ஆழம் பார்ப்பது. வீட்டாரிடம் தலைகுனிந்து சொல்லுங்கள். அது படகைச் சாய்ப்பது. ஒப்புரவு அருளடையாளத்தில் முழந்தாளிடுவதும் அதுவே. நங்கூரத்தைக் கொண்டுபோகத் தோணி வேண்டுமே? உங்கள் அன்பியம் எதற்கு இருக்கிறது? வின்சென்ட் தே பவுல் சபை எதற்கு இருக்கிறது? அன்பிய உறுப்பினர்களே, ஞாயிறு பூசையில் மூன்று வாரமாகக் காணாத குடும்பத்தின் கதவை இந்த வாரம் தட்டுங்கள். புறம்பேச அல்ல, கயிறு பிடிக்க.

திருத்தூதர் பணிகள் 27-ஆம் அதிகாரத்தை இன்றிரவு குடும்பமாக வாசியுங்கள். தூய பவுல் கைதியாகப் போன கப்பலில் மாலுமிகள் இருட்டில் ஆழம் பார்த்தார்கள். முதலில் 20 பாகம், பிறகு 15 பாகம். உடனே பின்புறத்திலிருந்து நான்கு நங்கூரங்களைப் போட்டு, விடியலுக்காக ஏங்கி நின்றார்கள். சிலர் சிறு படகில் தப்பி ஓடப் பார்த்தபோது, எல்லாரும் சேர்ந்திருந்தால்தான் பிழைப்போம் என்றார் பவுல். எல்லாரும் உண்ணும்படி அப்பம் பிட்டார். விடிந்ததும் கப்பல் மணல்மேட்டில் மோதி உடைந்தது. ஆனால் அதிலிருந்த 276 பேரும் நீந்தியும் பலகைகளைப் பற்றியும் கரை சேர்ந்தார்கள். ஒருவரும் சாகவில்லை.

மனம் உடைந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் சகோதரனே, சகோதரியே, கப்பல் போகலாம். வீடு ஏலத்துக்குப் போகலாம், வண்டி போகலாம், ஊரார் மதிப்பும் போகலாம். நீ கரை சேர வேண்டும். கடவுள் பவுலுக்கு வாக்களித்தது உயிர்களை, கப்பலை அல்ல. உன் உயிரை முடித்துக்கொள்ளத் தோன்றினால் இன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல். பங்குத் தந்தையின் கதவை நள்ளிரவிலும் தட்டலாம்.

நீர் ஏறுவது நம் கையில் இல்லை. இறையருளும் அப்படியே. ஆனால் ஏறும் நேரத்தில் பாய் இறங்கியும், நங்கூரம் ஆழத்தில் இருந்தும், துணைக்கு ஆள் சேர்ந்தும் இருப்பது நம் கையில் இருக்கிறது.

மன்றாடுவோம். ஆண்டவரே, தரை தட்டி நிற்கும் எங்கள் குடும்பங்களைக் கண்ணோக்கும். காத்திருக்கப் பொறுமையும், உதவி கேட்கத் தாழ்ச்சியும், பிறருக்குத் தோணியாகும் மனமும் தாரும். கடலின் விண்மீனாகிய அன்னை மரியாவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.